சுது கங்கை நீரும் உங்கள் மின்சாரப் பட்டியலும்



இவ்வாரப் பாடத்திற்குப் புத்தகம் எதுவும் வேண்டியதில்லை. உங்கள் வீட்டுக்குக் கடைசியாக வந்த மின்சாரப் பட்டியலை எடுத்து மேசைமேல் வையுங்கள். பிள்ளைகளையும் அருகில் அழையுங்கள். பெருக்கலும் கூட்டலும் தெரிந்த பிள்ளை ஒன்று இருந்தால் போதும். எத்தனை அலகு செலவாயிற்று, ஓர் அலகுக்கு என்ன விலை, நிலையான கட்டணம் எவ்வளவு என்பன அந்தத் தாளில் அச்சிடப்பட்டிருக்கும். அச்சிடப்படாத இரண்டு விடயங்களும் அதற்குள் அடங்கியுள்ளன. உலகச் சந்தையில் நிலக்கரியும் எண்ணெயும் விற்ற விலை ஒன்று. பூமி சூடாவதைத் தணிப்பதற்கென்று அரசுகள் கூடிச் செய்த உடன்படிக்கைகளும், அவற்றையொட்டி நமது அரசு இயற்றிய சட்டதிட்டங்களும் மற்றொன்று.

விலை வியாபாரிகளின் காரியம், காலநிலை மாநாட்டுக்காரரின் காரியம் என்று நம்மிற் பலர் எண்ணியிருக்கிறோம். உண்மையில் இவை ஒரே கயிற்றின் இரு புரிகள். சட்டம் விலையை உண்டாக்குகிறது. அந்தச் சட்டம் நிலைக்குமா நிலைக்காதா என்பதை விலை தீர்க்கிறது. இதைக் கற்பதற்குப் பாரிஸ் நகருக்குப் போகவேண்டியதில்லை. மாத்தளை மாவட்டத்திலே இருந்துகொண்டு கற்கலாம்.

பொல்கொல்லையில் ஒரு தீர்மானம்

மாத்தளை நகருக்குத் தெற்கே சில கிலோமீற்றர் தொலைவில் உக்குவளை மின்நிலையம் இருக்கிறது. 1976இல் இயங்கத் தொடங்கிய இதன் ஆற்றல் ஏறத்தாழ 40 மெகாவாற்று. இதைச் சுழற்றும் நீர் மகாவலி நீர். கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் ஆற்றை மறித்துக் கட்டிய அணையிலிருந்து, மலையைக் குடைந்து அமைத்த சுமார் 8 கிலோமீற்றர் நீளச் சுரங்கத்தின் வழியாக அது வந்து சேருகிறது. வேலையை முடித்த நீர் சுது கங்கையில் விழுந்து, அம்பன் கங்கையோடு கலந்து, போவத்தென்ன நீர்த்தேக்கத்தை அடைகிறது. அங்கிருந்து ஒரு பங்கு இன்னொரு சுரங்கவழியே கலாவெவக்குப் போகிறது. மற்றப் பங்கு 1981இல் அமைந்த போவத்தென்ன மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டு எலஹெர, பொலன்னறுவைப் பக்கமாக ஓடுகிறது. அனுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் விளையும் நெல்லில் பெரும்பங்கு மாத்தளையைத் தாண்டிப் போன நீரால் விளைந்தது என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது.

முதற் பத்தாண்டுக் காலம் இந்த ஏற்பாட்டில் சிக்கல் எதுவும் இருக்கவில்லை. திருப்பிய நீர் விளக்குக்கும் ஆயிற்று, வயலுக்கும் ஆயிற்று. ஆற்றோடு கீழே விட்ட நீரில் மின்சாரம் எடுக்க அப்போது வழியில்லை. 1985இல் விக்டோரியா அணை இயங்கத் தொடங்கியதும் கணக்கு மாறியது. உக்குவளையில் நீர் விழும் உயரத்தைப்போல் இரு மடங்குக்கு மேலான உயரம் விக்டோரியாவில் கிடைக்கிறது. அதன்பின் ரந்தெனிகல, ரந்தம்பே என்று இன்னும் இரண்டு நிலையங்கள் அதே நீரை மீண்டும் மீண்டும் பயன்படுத்துகின்றன. ஆகவே பொல்கொல்லையிலே ஒரு கன மீற்றர் நீரை மாத்தளைப் பக்கம் திருப்பினால் வயலுக்கு இலாபம், மின்சாரத்துக்கு நட்டம். திருப்பாமல் விட்டால் மினிப்பே பக்கத்து வயல்களுக்கும் விளக்குகளுக்கும் நல்லது, வடமத்திக்கு நட்டம்.

பெரும்போகம், சிறுபோகம் ஒவ்வொன்றுக்கும் முன்னர் மகாவலி நீரைப் பங்கிடுவோரும் மின்சாரப் பகுதியாரும் விவசாயப் பகுதியாரும் கூடியிருந்து இந்தப் பங்கீட்டைத் தீர்மானிக்கின்றனர். மழை தாராளமாகப் பெய்த ஆண்டில் அந்தக் கூட்டம் சிரித்தபடி முடியும். வரட்சியான ஆண்டில் அங்கே ஒரு கடினமான கேள்வி எழுகிறது: விக்டோரியாவுக்குப் போகாத நீரால் இழந்த மின்சாரத்தை எதைக் கொண்டு ஈடுசெய்வது? எண்ணெயை எரித்து ஈடுசெய்யவேண்டும். அல்லது நிலக்கரியை எரிக்கவேண்டும். அப்படியானால் பொல்கொல்லையில் ஓடும் நீரின் மதிப்பைத் தீர்ப்பது பாரசீக வளைகுடாவில் எண்ணெய் விற்கும் விலை. மசகு எண்ணெய் ஒரு பீப்பாய் ஏறினால் நமது ஆற்றுநீரும் விலை ஏறுகிறது. அந்த விலைச்சீட்டு எவருடைய கையிலும் கொடுக்கப்படுவதில்லை, அவ்வளவுதான்.

2018இல் திறக்கப்பட்ட மொரகஹகந்த நீர்த்தேக்கமும் மாத்தளை மாவட்டத்திலேதான் இருக்கிறது. வந்த நீரைப் பிடித்துவைக்க அது உதவுகிறது; 25 மெகாவாற்று மின்சாரமும் தருகிறது. ஆனாலும் பிடித்துவைக்க முதலில் நீர் வரவேண்டுமே.

மழை பொய்த்தபோது

1990களின் நடுப்பகுதி வரை இலங்கையின் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்குமேல் நீரிலிருந்து கிடைத்தது. புகையில்லாத மின்சாரம் என்று இன்று உலகம் போற்றுவதை நாம் காலநிலை என்ற சொல்லைக் கேள்விப்படுமுன்பே வைத்திருந்தோம். 1996இல் வரட்சி வந்தது. நாளொன்றுக்கு எட்டு மணிநேரம்வரை மின்வெட்டு நடந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவசரத்தில் எண்ணெயால் இயங்கும் நிலையங்கள் பெருகின. எண்ணெய் விலை ஏறியபோது அவை மின்சார சபையைக் கடனில் ஆழ்த்தின. அடுத்த மருந்தாக நிலக்கரியைத் தேடினார்கள். நுரைச்சோலையில் அதற்கான திட்டத்தை அப்பகுதிக் கத்தோலிக்கரும் கடற்றொழிலாளரும் நெடுங்காலம் எதிர்த்தனர். தலவில புனித அன்னாள் திருத்தலம் அருகிலே இருப்பதும் அதற்கு ஒரு காரணம். எனினும் 2011இல் முதற் பகுதி இயங்கிற்று. 2014இல் 900 மெகாவாற்றும் முழுமை பெற்றது.

இதிலே ஒரு பாடம் இருக்கிறது. புகை மிகுந்தால் பூமி சூடாகிறது. பூமி சூடானால் மழை தடுமாறுகிறது. மழை தடுமாறினால் நீர் மின்சாரம் குறைகிறது. குறைந்ததை ஈடுசெய்யப் புகை மிகுந்த நிலக்கரி வருகிறது. நமது நாட்டுப் புகை உலகப் புகையில் மிகச் சிறிய துளி என்பது மெய்தான். வட்டம் மட்டும் நம் வீட்டிலும் அதே வட்டந்தான்.

2016இல் இலங்கை பாரிஸ் உடன்படிக்கையை ஏற்று உறுதி செய்தது. அதே ஆண்டில் சம்பூரில் இந்தியாவோடு சேர்ந்து அமைக்கவிருந்த நிலக்கரி நிலையம் கைவிடப்பட்டது. 2021இல் மேலும் ஒரு படி சென்று, இனிப் புதிய நிலக்கரி நிலையம் கட்டுவதில்லை என்றும், 2030இல் மின்சாரத்தின் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க வழிகளில் பெறுவது என்றும் உலகுக்கு வாக்குக் கொடுத்தோம். வாக்குக் கொடுத்த மை காயுமுன் சந்தை பேசத் தொடங்கியது.

மூன்று பெருக்கற் கணக்குகள்

2022 பெப்ரவரியில் ரஷ்யா உக்ரேனுக்குள் படை நடத்தியது. மசகு எண்ணெய் பீப்பாய் 120 டொலரைத் தாண்டிற்று. அவ்வாண்டிலேயே நிலக்கரி தொன் ஒன்று 400 டொலருக்கு மேலேறிற்று. 2020இல் அது 60 டொலர் அளவிலே கிடந்தது. ஐரோப்பிய நாடுகள் ரஷ்ய எரிவாயுவை விட்டுவிட்டு வேறெங்கும் கிடைத்ததைக் கூடிய விலைக்கு வாங்கின. காலநிலை மாநாடுகளில் நிலக்கரியைக் கைவிடச் சொன்னவர்கள் சிலர் மூடிய நிலக்கரி நிலையங்களை மீளவும் திறந்தார்கள். நமது திறைசேரியிலோ டொலர் இல்லை. ரூபாவும் டொலருக்கு 200 அளவிலிருந்து சில வாரங்களிலே 360 வரை சரிந்தது. மார்ச் முடிவில் மின்வெட்டு 13 மணிநேரத்தைத் தொட்டது. எரிவாயு கிடைக்காத வீடுகளில் அடுப்பு மீண்டும் விறகுக்குத் திரும்பியது.

இப்போது பிள்ளையின் கையில் பென்சிலைக் கொடுங்கள். மாதம் 30 அலகு பாவிக்கும் ஒரு சிறு வீட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு விளக்கு, ஒரு வானொலி அல்லது தொலைக்காட்சி, கைத்தொலைபேசிக்கு மின்னேற்றம். தோட்டத்து லயன் காம்பிரா ஒன்றுக்கு இது பொருந்தும். 2022 ஆகஸ்டுக்கு முன் அலகுக்கு 2 ரூபா 50 சதம், நிலையான கட்டணம் 30 ரூபா. மொத்தம் 105 ரூபா. ஆகஸ்டில் அலகு 8 ரூபா, நிலையான கட்டணம் 120. மொத்தம் 360 ரூபா. 2023 பெப்ரவரியில் அலகு 30 ரூபா, நிலையான கட்டணம் 400. மொத்தம் 1300 ரூபா.

ஆறே மாதத்தில் 105 ரூபா 1300 ஆயிற்று. அன்று தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபா. எல்கடுவையிலோ ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்திலோ ஒரு தாய் காலை முதல் மாலைவரை கொழுந்து பறித்த கூலி, தன் வீட்டு இரண்டு விளக்குக்கும் போதவில்லை.

இதைச் செய்தது சந்தையா, அரசா? இரண்டும் சேர்ந்துதான். 2013க்குப் பின் கட்டணத்தை ஏற்றாமல் வைத்திருந்தது அரசியல். சந்தை உடைத்ததும் இழந்ததையெல்லாம் ஒரே வீச்சில் வசூலிக்க முனைந்ததும் அரசியல். செலவுக்கு ஏற்ற கட்டணம் என்பது 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தோடு செய்த உடன்பாட்டிலும் இடம்பெற்றது. அதில் நியாயம் இல்லாமலில்லை. செலவை மறைத்துவைத்தால் எவரும் சிக்கனம் பழகமாட்டார்கள். ஆனால் 30 அலகு வீடு இன்னும் எதைச் சிக்கனம் செய்யும்? அதன் இரண்டு விளக்கையும் அணைத்தால் உலகப் புகை குறைந்துவிடுமா? 2023 யூலையில் அதே வீட்டுக்கட்டணம் 450 ரூபாவாக இறக்கப்பட்டது. இறக்க முடிந்தது என்பதே முன்பு ஏற்றியது அளவுக்கு மீறியது என்பதைக் காட்டுகிறது என்பேன்.

சட்டம் விலையை உண்டாக்கும் விதம்

மறுபக்கத்தையும் பார்ப்போம். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் மலைநாட்டுத் தோட்டங்கள் பலவற்றில் தேயிலை ஸ்டோருக்கு அருகே ஓடையை மறித்துச் சிறு டர்பைன் வைத்திருந்தார்கள். தேசிய மின்கம்பி வந்து மலிவாக மின்சாரம் கிடைத்ததும் அவை துருப்பிடித்தன. அவற்றைக் கொன்றது விலை. 1990களின் பிற்பகுதியில் மீண்டும் சிறு நீர்மின் நிலையங்கள் எழுந்தன. அவற்றுக்கு உயிர் கொடுத்தது ஒரு விதி: தனியார் தரும் மின்சாரத்துக்கு, அதனால் மிச்சமாகும் எண்ணெயின் விலையைக் கணக்கிட்டுக் கொடுக்கவேண்டும் என்று ஏற்பாடாயிற்று. எண்ணெய் விலை ஏற ஓடைநீருக்கும் வருமானம் ஏறிற்று, இறங்க இறங்கிற்று. பின்னர் நிலையத்தின் சொந்தச் செலவை வைத்து விலை குறிக்கும் முறை வந்தது.

இதற்குமேல் இன்னொரு விலையும் வந்து சேர்ந்தது. 1997இல் கியோத்தோ நகரில் செய்த உடன்படிக்கையின்படி, வறிய நாடொன்றில் புகையைக் குறைக்கும் நிலையத்துக்கு அந்தக் குறைப்புக்குச் சான்றிதழ் கிடைக்கும். செல்வந்த நாடுகள் அதை விலைகொடுத்து வாங்கித் தம் கணக்கில் வரவு வைக்கலாம். நக்கிள்ஸ் மலையின் கண்டிச் சரிவில் ஓடும் ஹுலு கங்கையின் சிறு மின்நிலையமும் 2005இல் இவ்வாறு பதிவாயிற்று. 2008இல் அந்தச் சான்றிதழ் ஒன்று 20 யூரோ அளவுக்கு விலைபோனது. ஐரோப்பாவில் தொழில்கள் மந்தமாயின. சான்றிதழ்கள் அளவுக்குமேல் குவிந்தன. வாங்குவோருக்கான விதிகளும் இறுகின. 2012 முடியுமுன் அதன் விலை ஒரு யூரோவுக்கும் கீழே வீழ்ந்தது. மலைமேல் பெய்யும் மழை மாறவில்லை, டர்பைனும் மாறவில்லை. பிரசல்ஸ் நகரில் மாறிய ஒரு விதியே நம் மலையடிவாரத்து வருமானத்தைக் கரைத்தது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' சுற்றுமடலின் 171ஆம் பத்தியில் இந்தச் சான்றிதழ் வியாபாரத்தைக் குறித்தே எச்சரித்தார். அது புதிய சூதாட்டமாக மாறக்கூடும் என்றும், செல்வந்தர் தங்கள் செலவாளி வாழ்க்கையை மாற்றாமல் இருக்க ஒரு சாட்டாகக்கூடும் என்றும் அவர் கருதினார். அவர் அதை எழுதியபோது சந்தை ஏற்கனவே ஒருமுறை கவிழ்ந்து மூன்றாண்டு ஆகியிருந்தது.

கூரையும் உறுதியும்

சட்டம் விலையை உண்டாக்கி நல்ல பலன் தந்த இடமும் உண்டு. ஜெர்மனி 2000ஆம் ஆண்டுச் சட்டத்தால் சூரிய மின்சாரத்துக்கு இருபது ஆண்டு விலை உத்தரவாதம் அளித்தது. கேள்வி பெருகவே சீனத் தொழிற்சாலைகள் போட்டிபோட்டு மின்தகடுகளைச் செய்து குவித்தன. 2009க்குப் பின் பத்தாண்டில் தகட்டின் விலை ஏறக்குறைய பத்தில் ஒன்றாயிற்று. சம்பூரிலே நிலக்கரிக்கென ஒதுக்கிய இடத்தில் 2025 ஏப்ரலில் 120 மெகாவாற்று சூரிய மின்நிலையத்துக்கு வேலை தொடங்கியதற்கும் இந்த விலை வீழ்ச்சியே வழி திறந்தது.

இங்கேயும் 2016இல் 'சூரிய பல சங்கிராமய' என்ற திட்டத்தை அரசு தொடங்கியது. கூரையிலிருந்து சபைக்கு விற்கும் அலகுக்கு முதல் ஏழாண்டு 22 ரூபா, பின்னர் 15 ரூபா 50 சதம் என்று உறுதி கூறப்பட்டது. 2022இன் கட்டண உயர்வு மீதியைச் செய்தது. மாத்தளை நகரில் பிரதான வீதியின் இருமருங்கும் அண்ணாந்து பாருங்கள், தெரியும். ஆனால் பகலிலே பெருகும் இந்த மின்சாரத்தை இரவுக்கு வைத்திருக்க மின்கலம் போதியளவு இல்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிறு முற்பகல், நாடு முழுவதும் இருண்டது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்தது என்றார்கள். குரங்கு பாய்ந்தது உண்மையாகவே இருக்கட்டும். பாவனை குறைந்த ஞாயிறு நண்பகலில் சூரிய மின்சாரம் மிகுந்து, அதிர்ச்சியைத் தாங்கும் பெரிய சுழல் யந்திரங்கள் குறைவாக ஓடியதே முழு நாடும் விழக் காரணம். அடுத்த சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகலில் உங்கள் கூரைச் சூரியத்தை நிறுத்திவையுங்கள் என்று சபையே வேண்டிக்கொண்டது. மலிவான மின்சாரத்தை அணைத்துவைத்து இரவில் விலைகூடிய எண்ணெயை எரிப்பதா என்று கேட்டவர்கள் நியாயமாகவே கேட்டார்கள்.

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. கூரைச் சூரியத்துக்குக் கூரை சொந்தமாக இருக்கவேண்டும். வங்கி கடன் தர உறுதி வேண்டும். லயனிலே நான்கு தலைமுறை வாழ்ந்த குடும்பத்துக்கும் அந்தக் கூரைக்கு உறுதியில்லை. ஆகவே 22 ரூபா உத்தரவாதம் அவர்களுடைய வாசலுக்கு வரவேயில்லை. 1300 ரூபாப் பட்டியல் மட்டும் தவறாமல் வந்தது. காலநிலைக்கென எழுதிய நல்ல சட்டமும், காணியுரிமை இல்லாத இடத்தில் உள்ளவனுக்கே கொடுக்கும்.

எந்த மழையைக் கணக்கெடுத்தார்கள்?

2025 சனவரியில் மின்சார சபை கட்டணத்தை மாற்றவேண்டாம் என்றது. பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு கணக்குகளைப் பார்த்து 20 வீதம் குறைத்தது. யூனில் சபை 18.3 வீத உயர்வு கேட்டது. 15 வீதம் கொடுக்கப்பட்டது. இத்தகைய பிணக்குகளுக்குள் எப்போதும் ஒளிந்திருப்பது ஒரு மதிப்பீடு: வரும் மாதங்களில் நீர் எத்தனை அலகு தரும் என்பது. அது கூடினால் எண்ணெய்ச் செலவு குறையும், கட்டணமும் குறையும்.

முற்காலத்தில் பல ஆண்டுச் சராசரி மழையை வைத்து அதை ஓரளவு சொல்லிவிடலாம். இப்போது சராசரி ஏமாற்றுகிறது. 2025 நவம்பர் இறுதியில் வந்த 'டித்வா' சூறாவளியில் நாட்டில் 600 பேருக்கு மேல் மாண்டனர். மாத்தளை மாவட்டத்திலும் மலைகள் சரிந்து வீடுகளைப் புதைத்தன. மாதக்கணக்கான மழை இரண்டொரு நாளில் கொட்டினால் ஆண்டுக் கூட்டுத்தொகை நன்றாகவே இருக்கும். நிரம்பிய அணைமேல் வழிந்தோடும் நீரிலோ ஓர் அலகும் எடுக்கமுடியாது.

கட்டணத்தை மாற்றுமுன் ஆணைக்குழு பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது. எழுத்து மூலமும் அனுப்பலாம், மாகாணந்தோறும் நடக்கும் அமர்வில் நேரிலும் சொல்லலாம். பெருங்கம்பனிகளின் கணக்காளர் தவறாமல் போகின்றனர். நம் பங்குகளிலுள்ள இளைஞர் சபையோ மாதர் சங்கமோ அடுத்தமுறை ஒரு பக்கக் கடிதம் அனுப்பலாம். மூன்று கேள்விகள் போதும். வரும் காலத்துக்கு நீர் எவ்வளவு மின்சாரம் தருமென்று கணக்கெடுத்தீர்கள், அதை எந்த ஆண்டு மழைகளை வைத்துக் கணக்கெடுத்தீர்கள்? பொல்கொல்லையில் இப்போகத்துக்கு எவ்வளவு நீர் திருப்பப்படுகிறது, அதனால் எரிக்கவேண்டிய எண்ணெயின் செலவை யார் கணக்கில் எழுதினீர்கள்? 30 அலகுக்குட்பட்ட வீடுகளில் எத்தனை தோட்டத்து வீடுகள்? கடிதத்தோடு பிள்ளை போட்ட அந்த மூன்று பெருக்கற் கணக்கையும் இணைத்து அனுப்புங்கள்.